12 வினாடி எதற்கு? முடிவின் காரணத்தை எழுதிவைக்கப் பழகிய கதை

கிருஷ்ணகிரி லண்டன்பேட்டையில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். ஐந்து பேர் இருக்கிறோம். மாங்கூழ் ஆலைகளுக்குக் கொள்முதல் மென்பொருள் எழுதுவது வேலை. காய் ஏற்றிய வண்டி எடைமேடையில் ஏறுவதில் தொடங்கி விவசாயியின் கணக்கில் பணம் விழும் வரை எல்லாம் அதற்குள் நடக்கும். மே கடைசியில் பெங்களூரா காய் வரத் தொடங்கிவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஆலைக்கும் தூக்கம் கிடையாது, எங்களுக்கும் கிடையாது. (வெளியூர்க்காரர்களுக்குக் கிளிமூக்கு என்றால் புரியும்.)

மூன்று சீசனுக்கு முன், அப்படி ஒரு ஜூன் மாதம். எங்களிடம் சேர்ந்து நாலு மாதமான பையன் ஒருவன் எடை வாங்கும் பகுதியில் ஒரு வரியைப் பார்த்திருக்கிறான். மேடையில் எடை நிலையாக நின்ற பிறகும் புரோகிராம் 12 வினாடி சும்மா காத்திருக்கிறது. அதற்கப்புறம்தான் எடையைப் பூட்டுகிறது. வெளியே வண்டிகள் தார்ரோடு வரை நிற்கின்றன. இந்த 12 வினாடி எதற்கு? கேட்கலாம் என்றால் நான் இல்லை, அக்கா பெண்ணின் கல்யாணத்துக்கு அரூர் போயிருந்தேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடவில்லை. எடைமேடையின் இண்டிகேட்டர் (எடையைக் காட்டும் பெட்டி) எண்ணோடு சேர்த்து, எடை ஆடாமல் நிற்கிறதா என்பதற்கும் ஒரு குறி அனுப்புகிறது என்று கண்டுபிடித்தான். அந்த வரியைச் சேர்த்தது யார் என்று கிட்டில் (நிரலில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கருவி) தேடினான். நான்தான், இரண்டு வருடத்துக்கு முன். சேர்த்தபோது நான் எழுதிய குறிப்பு ‘ஃபிக்ஸ்டு வெயிட் இஷ்யூ’. அவ்வளவுதான். நிலையான எடையை இண்டிகேட்டரே சொல்லிவிடுகிறது, அப்புறம் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று வரியை எடுத்துவிட்டான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

வரிசை வேகமாக நகர்ந்தது. அந்த சீசனுக்குப் புதிதாக வந்த ஆபரேட்டர் போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். நாலாம் நாள் ஆலை மேனேஜர் கூப்பிட்டார். “ஏம்பா, வாங்கின காய்க்கும் மெஷினுக்குள்ள போன காய்க்கும் கணக்கே ஒட்டலையே?”

12 வினாடி எடைக்காக வைத்ததில்லை. டிரைவருக்காக. லோடு வண்டியை மேடையில் நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கி ஜன்னலுக்கு வருவார். அதற்கு அவ்வளவு நேரம் ஆகும். காய் இறக்கிவிட்டுத் திரும்ப வரும்போது காலி எடையை ஆபரேட்டர்தான் எஃப்9 அழுத்திப் பூட்டுவார், டிரைவர் ஜன்னலில் கையெழுத்துப் போட்ட பிறகு. ஆக இரண்டு எடையிலும் டிரைவர் கிடையாது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் காய் மட்டும் மிஞ்சும். காத்திருப்பை எடுத்ததும் லோடு எடை டிரைவரோடு பூட்டிக்கொண்டது. இண்டிகேட்டர் பொய் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கிற டிரைவர் ஆடாமல்தான் இருப்பார்.

வண்டிக்கு 60, 70 கிலோ. மூன்று நாளில் 300 வண்டிக்கு மேல். ஏறக்குறைய 20 டன் டிரைவர்களை ஆலை மாங்காய் விலைக்கு வாங்கியிருந்தது. விவசாயிகளிடம் திருப்பிக் கேட்க முடியாது, கேட்பதும் சரியில்லை. அந்த வருடப் பராமரிப்புக் கட்டணத்தை விட்டுக்கொடுத்துச் சமாளித்தோம். பையனை யாரும் திட்டவில்லை. திட்ட வேண்டிய ஆள் அரூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்.

காரணம் எங்கே இருந்தது?

என் தலைக்குள் இருந்தது. பழைய ஆபரேட்டரின் தலைக்குள் இருந்தது, அவர் ஓசூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். நிரலைப் படித்தால் என்ன நடக்கிறது என்று தெரியும். கிட்டைக் கேட்டால் யார், எப்போது என்று சொல்லும். ஏன் என்பதை யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு.

இதற்கு ஒரு நல்ல எளிய முறை ஏற்கெனவே இருக்கிறது. மைக்கேல் நைகார்ட் என்பவர் 2011இல் எழுதிக் காட்டியது, ஆர்கிடெக்சர் டெசிஷன் ரெக்கார்டு, அதாவது வடிவமைப்பு முடிவின் பதிவு, சுருக்கமாக ஏ.டி.ஆர். ஒரு முடிவுக்கு ஒரு சிறு கோப்பு, ஒன்றிரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல். தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவு என்று ஐந்தே பகுதிகள். வரிசை எண் போட்டு, நிரல் இருக்கிற இடத்திலேயே வைக்க வேண்டும். எதிர்காலத்தில் வரப்போகும் ஒரு டெவலப்பரோடு பேசுவதுபோல எழுதச் சொல்கிறார் அவர்.

நாங்கள் இதற்கு முடிவுச் சீட்டு என்று பெயர் வைத்துக்கொண்டோம். எடைச் சீட்டு, காய்ச் சீட்டு என்று நாளெல்லாம் சீட்டோடுதான் பிழைப்பு. பேசியவர்கள் யார் என்று ஒரு வரி போடுவதோடு, அவருடைய ஐந்தோடு இன்னும் இரண்டு பகுதி சேர்த்தோம்: தள்ளியவை, மறுபடி எப்போது. இந்த இரண்டும் இல்லாத சீட்டு எனக்குப் பாதிச் சீட்டுதான்.

எடைமேடைச் சீட்டை அந்தக் கலவரம் அடங்கிய பிறகு எழுதினோம். கிட்டத்தட்ட அப்படியே தருகிறேன்:

சீட்டு 7: லோடு எடையைப் பூட்டும் முன் 12 வினாடி காத்திருப்போம்

நிலை: ஏற்றது.

பேசியவர்கள்: ஆலை மேனேஜர், ஆபரேட்டர், எங்களில் மூன்று பேர்.

சூழல்: லோடு எடை தானாகப் பூட்டிக்கொள்ளும். காலி எடையை ஆபரேட்டர் பூட்டுவார், அப்போது டிரைவர் கீழே இருப்பார். வண்டி நின்ற இரண்டு மூன்று வினாடியில் இண்டிகேட்டர் ‘நிலை’ என்று சொல்லிவிடுகிறது, டிரைவர் உள்ளே இருந்தாலும். மேடை 10 கிலோ படியில் காட்டும், ஆகவே ஓர் ஆளின் எடை கண்டிப்பாக அதில் தெரியும். டிரைவர் இறங்க எத்தனை நேரம் ஆகிறது என்று ஒரு காலை முழுக்கப் பார்த்தோம். பெரும்பாலோர் 8 வினாடியில் இறங்கினார்கள். அதிகபட்சம் 11.

முடிவு: ‘நிலை’ குறி வந்த பிறகு 12 வினாடி காத்திருப்போம். அதற்குள் எடை மாறினால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவோம்.

தள்ளியவை: (1) காத்திருக்காமல் ஒவ்வொரு வண்டிக்கும் 65 கிலோ கழிப்பது. கிளீனரும் கூட வரும் வண்டி உண்டு. விவசாயிக்கு விளக்கிச் சொல்லவும் முடியாது. (2) லோடு எடையையும் ஆபரேட்டரே பூட்டுவது. கூட்ட நேரத்தில் அவர் ஜன்னலைப் பார்ப்பதில்லை, பழைய சீட்டை அச்சடித்துக்கொண்டிருப்பார். (3) காலி எடையையும் டிரைவரோடு எடுப்பது. போகும்போது வேறு ஆள் ஓட்டிக்கொண்டு போவதும் நடக்கிறது.

விளைவு: மணிக்கு இரண்டு மூன்று வண்டி குறையும். வரிசையில் நிற்பவர்கள் திட்டுவார்கள். வேகப்படுத்தச் சொல்லி ஆலையிலிருந்தே போன் வரும்.

மறுபடி எப்போது: டிரைவர் இறங்கிவிட்டார் என்று வேறு வழியில் தெரிய வந்தால்.

எழுதி முடிக்க 25 நிமிடம் ஆனது. முன்பே எழுதியிருந்தால் அரூர் கல்யாணத்தில் பந்தியை முழுதாக முடித்திருப்பேன்.

சூழல் எழுதும்போது

இந்தப் பகுதியில் தீர்ப்பு எட்டிப் பார்க்கக் கூடாது. ‘இண்டிகேட்டரின் குறியை நம்ப முடியாது’ என்று எழுதினால் அது தீர்ப்பு. ‘டிரைவர் உள்ளே இருந்தாலும் நிலை என்று சொல்கிறது’ என்பது நடப்பு. நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: முடிவை எதிர்த்துப் பேசியவரிடம் சூழல் பகுதியை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். “ஆமாம், நிலைமை இதுதான்” என்று அவரும் சொல்ல வேண்டும். “ஆனா...” என்று இழுத்தால் எழுதியதைத் திருத்த வேண்டும்.

எண்கள் கிடைத்தால் போட்டுவிடுங்கள், அதை எப்படி எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து. ‘ஒரு காலை முழுக்கப் பார்த்தோம்’ என்ற சொற்களால் பின்னால் வருபவருக்கு நம் எண் எவ்வளவு கனம் என்று தெரிந்துவிடும். ஒரு மாதம் பார்த்தோம் என்று அதில் இல்லை.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை தர்மபுரி அருங்காட்சியகம் போயிருந்தேன். அங்கே நடுகற்கள் இருக்கின்றன. எங்கள் பக்கத்து நடுகற்களில் எழுத்துள்ளவை பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சி ஆண்டு, இன்னாருடைய ஆள், ஆநிரையைக் கவர்ந்தபோதோ மீட்டபோதோ பட்டான், இன்னான் கல். கல்லில் வெட்டுவது கஷ்டம், ஆகவே ஒரு சொல் கூட வீணில்லை. ஆயிரம் வருடத்துக்கு மேல் கழித்து நிற்கிற நமக்கும் யார், எப்போது, எதற்காக என்பது விளங்கிவிடுகிறது. நான் எழுதிய ‘ஃபிக்ஸ்டு வெயிட் இஷ்யூ’ இரண்டு வருடம் கூடத் தாங்கவில்லை. ஆனால் ஒன்று. ஓடிப் போயிருக்கலாமே, ஏன் நின்றான் என்பதை எந்தக் கல்லும் சொல்வதில்லை. அதற்குத்தான் நாங்கள் தள்ளியவை என்ற பகுதியைச் சேர்த்தோம்.

தள்ளியவை

முடிவை மட்டும் எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து வருகிறவர் ஒரு நல்ல யோசனையோடு வருவார். நாம் ஏற்கெனவே பேசித் தள்ளிய அதே யோசனை. மறுபடி ஒரு மணி நேரம் பேசுவோம். அல்லது பேசாமலே அவர் செய்துவிடுவார். 12 வினாடியைப் பற்றிச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் உடனே “65 கிலோ கழிச்சிடலாமே” என்கிறார்கள். சீட்டில் அது இருப்பதால் படித்துவிட்டு, கிளீனர் விஷயம் தெரிந்துகொண்டு, அடுத்த யோசனைக்குப் போகிறார்கள். புதிய யோசனை கிடைப்பதே அப்படித்தான்.

தள்ளிய யோசனையை அதன் நல்ல முகத்தோடு எழுத வேண்டும். ஜெயித்தவர் எழுதும்போது தோற்ற யோசனை முட்டாள்தனமாகத் தெரிகிற மாதிரி வந்துவிடும். அதனால் எங்களிடம் ஒரு பழக்கம்: தள்ளிய யோசனையை யார் சொன்னாரோ அவரே அந்த வரியை எழுத வேண்டும்.

இது எனக்கே பாடமாக வந்தது. விவசாயியை அடையாளம் காண மொபைல் எண் போதும் என்று ஒரு சீசனில் முடிவு செய்தேன். டெஸ்டிங் பார்க்கும் பெண், ஊத்தங்கரைக்காரி, ஒத்துக்கொள்ளவில்லை. “எங்க வீட்டுல தாத்தா, அப்பா, சித்தப்பா மூணு பேருக்கும் ஒரே நம்பர்தான்ணா குடுப்போம்” என்றாள். நான் கேட்கவில்லை, நேரம் இல்லை. ஆனால் சீட்டில் அவள் சொன்னதை அவளையே எழுத வைத்தேன். மறுபடி எப்போது என்ற இடத்தில் ‘ஒரே எண்ணில் இரண்டாவது விவசாயி 10 முறை வந்தால்’ என்று போட்டோம். முதல் வாரத்திலேயே 10 தாண்டிவிட்டது. யாரும் யாரிடமும் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. சீட்டைத் திறந்தோம், அரை நாளில் மாற்றினோம். அந்த வரி இல்லாமல் இருந்தால் நான் என் மானத்தைக் காப்பாற்ற இன்னும் ஒரு மாதம் இழுத்திருப்பேன்.

தமிழில் எழுதுங்கள்

இதைச் சொன்னால் பெங்களூரில் என்னோடு வேலை பார்த்த நண்பர்கள் சிரிப்பார்கள். பதினோரு வருடம் அங்கே இருந்தவன் நான், அங்கே எல்லாம் இங்கிலீஷில்தான். இங்கேயும் அப்படித்தான் தொடங்கினோம். முதல் ஆறு சீட்டும் இங்கிலீஷ். இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. ‘ஃபார் பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்’, ‘டு இம்ப்ரூவ் ஸ்டெபிலிட்டி’, ‘ஆஸ் பெர் கிளையண்ட் ரெக்வயர்மெண்ட்’. ஒவ்வொன்றும் காரணம் மாதிரி இருக்கும். உள்ளே கையை விட்டால் ஒன்றும் அகப்படாது.

இதில் யாருடைய இங்கிலீஷும் மோசம் என்று சொல்ல வரவில்லை. இங்கிலீஷில் எழுதும்போது எங்களுக்குத் தயாராக இருக்கிற சொற்றொடர்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. தமிழில் எழுதச் சொன்னால் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று மட்டும் எழுதிவிட்டு எழுந்து போக முடிவதில்லை. எது மெதுவாக இருந்தது, யாருக்கு என்று கை தானாக எழுதுகிறது. ஒருத்தன் எழுதினான்: ‘பில் அச்சாக 40 வினாடி ஆகிறது, அதற்குள் விவசாயி இரண்டு முறை எட்டிப் பார்க்கிறார்.’ இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

டேட்டாபேஸ், சர்வர், ஏபிஐ எல்லாம் அப்படியே இருக்கட்டும், தமிழ் எழுத்தில். மொழிபெயர்க்கிறேன் என்று உட்கார்ந்தால் சீட்டே வராது. தமிழ் தெரியாதவர் குழுவில் இருந்தால் இந்த யோசனை உங்களுக்குப் பொருந்தாது, விட்டுவிடுங்கள்.

எப்போது, எங்கே

எங்கள் முடிவுகளில் பாதி கீழே டீக்கடையில் நடக்கிறது. மீதி வாட்ஸ்அப்பில், அதுவும் ஆலை மேனேஜரின் மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜில். டீக்கடையில் எழுத முடியாது. மாடி ஏறியதும் எழுதலாம். அன்றைக்கே எழுதினால் 10 நிமிடம், மறுநாள் என்றால் அரை மணி, அடுத்த வாரம் என்றால் கதை. நடந்ததை எழுத மாட்டோம், நடந்திருக்க வேண்டியதை எழுதுவோம்.

இதில் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. 1986லேயே டேவிட் பர்னாஸ், பால் கிளமென்ட்ஸ் என்ற மென்பொருள் ஆய்வாளர்கள் ஒன்று சொன்னார்கள்: மென்பொருளை யாரும் ஒழுங்கான வரிசையில் யோசித்து வடிவமைப்பதில்லை, இருந்தாலும் ஆவணத்தை மட்டும் ஒழுங்காக யோசித்தது போலவே எழுதுங்கள், கடைசியாகப் படிக்கிறவருக்கு நம் தடுமாற்றத்தின் கதை தேவையில்லை. அதே மூச்சில், பரிசீலித்துத் தள்ளிய வழிகளையும் தள்ளிய காரணத்தையும் பதிவு செய்யச் சொன்னார்கள். இரண்டாவதை அப்படியே எடுத்துக்கொண்டேன். முதலாவதில், யார் எந்த வரிசையில் பேசினார்கள் என்பதை விட்டுவிடுகிறேன், ஆனால் காரணத்தை மட்டும் மெருகேற்றுவதில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இடம்: நிரல் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில் ஒரு ஃபோல்டர், சாதாரண மார்க்டவுன் கோப்புகள் (வெறும் எழுத்துக் கோப்புகள்தான்). கூகுள் டாக்ஸில் வைத்துப் பார்த்தோம். எழுதியவர் வேலையை விட்டுப் போனபோது அவர் கணக்கோடு மூன்று சீட்டு போய்விட்டது. வாட்ஸ்அப் குரூப் ஆவணம் ஆகாது, பேக்கப் எடுக்காமல் போன் மாற்றினால் போச்சு. வாய்ஸ் மெசேஜில் வந்த காரணத்தைக் கேட்டு இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள், மேனேஜர் சொன்ன சொல்லிலேயே.

அப்புறம் முக்கியமான ஒன்று. நிரலில் அந்த விசித்திரமான வரிக்கு மேலே ஒரே ஒரு கமெண்ட்: ‘ஏன் என்று தெரிய: சீட்டு 7’. ஃபோல்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அவசரத்தில் இருப்பவன் ஃபோல்டரைத் திறக்க மாட்டான். அவன் கண் படும் இடம் அந்த வரிதான்.

எல்லாவற்றுக்கும் சீட்டு வேண்டாம்

முதல் மாத உற்சாகத்தில் நிரலில் ஒரு மாறிக்கு (வேரியபிள்) என்ன பெயர் வைப்பது என்பதற்குக்கூட ஒருவன் சீட்டு எழுதினான். இப்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறோம். திருப்பி மாற்ற ஒரு நாளுக்கு மேல் ஆகுமா? கால் மணிக்கு மேல் சண்டை போட்டோமா? புதிதாக வருகிறவர் இதைப் பார்த்து “என்ன கிறுக்குத்தனம் இது” என்பாரா? ஒன்றுக்கு ஆமாம் வந்தாலும் சீட்டு.

மூன்றாவது கேள்வியில்தான் அதிகம் மாட்டுகிறது. உதாரணம், எங்கள் திரையில் சேமிக்க எண்டர் வேலை செய்யாது, எஃப்9தான். பார்க்கிற எல்லாரும் மாற்றச் சொல்வார்கள். எங்களிடம் உள்ள பார்கோடு ஸ்கேனர் ஒவ்வொரு ஸ்கேனின் முடிவிலும் எண்டர் அழுத்தியது போல அனுப்பும். எண்டரில் சேமித்தால் பாதி நிரப்பிய சீட்டு சேமிக்கப்பட்டுவிடும். இன்னொன்று, விவசாயி முகவரியில் மாவட்டத்துக்கு இரண்டு பெட்டி. கிருஷ்ணகிரி மாவட்டம் தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004இல். பழைய நில ஆவணங்களில் தர்மபுரி மாவட்டம் என்றே இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் கிருஷ்ணகிரி. ஒரே பெட்டியாக ‘சுத்தம்’ செய்தால் சரிபார்க்கும்போது ஒத்துப்போகாது. இரண்டுக்கும் ஆறு வரிச் சீட்டு போதும்.

உண்மையான காரணம்

இதுதான் கஷ்டமான இடம். மைஎஸ்கியூஎல் ஏன் என்று சீட்டு எழுதியபோது என் முதல் வரைவில் நம்பகத்தன்மை, பரவலான பயன்பாடு என்று என்னென்னவோ இருந்தது. படித்த பையன், அதே பையன்தான், “அண்ணா, நெசமாவே அதுக்குத்தான் எடுத்தீங்களா?” என்றான். இல்லை. எங்களில் மூன்று பேருக்குத் தெரிந்த டேட்டாபேஸ் அது ஒன்றுதான், சீசனுக்கு ஆறு வாரம் இருந்தது. அதையே எழுதினேன்.

இப்படி எழுதுவதில் ஒரு லாபம் இருக்கிறது. காரணம் ‘எங்களுக்குத் தெரிந்தது இதுதான்’ என்றால், வேறொன்று தெரிந்தவர் குழுவில் சேரும் நாளில் அந்தக் காரணம் காலாவதியாகிவிடும், அவர் தைரியமாகக் கேள்வி கேட்கலாம். ‘நம்பகத்தன்மை’ என்று பொய் எழுதி வைத்தால் அவர் அந்தப் பொய்யோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ‘மேனேஜர் பிடிவாதமாகச் சொன்னார், நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் செய்தோம்’ என்றும் ஒரு சீட்டு இருக்கிறது. மரியாதையான சொல்லில் எழுதினோம், களஞ்சியம் நாளை ஆலையின் கைக்கும் போகலாம் அல்லவா. ஆனால் காரணத்தை மாற்றவில்லை.

விளைவு பகுதியிலும் இதே நேர்மை வேண்டும். நல்லதை மட்டும் எழுதினால் அது விளம்பரம். சீட்டு 11, காய் விலையைத் தினசரி விலைப் பட்டியலிலிருந்து எடுக்காமல் எடைச் சீட்டிலேயே பதிந்து வைக்கும் முடிவு. சாயங்காலம் பட்டியலை மாற்றினால் காலையில் அச்சடித்துக் கொடுத்த சீட்டின் தொகை மாறக் கூடாது, விவசாயி அதைக் கையில் வைத்திருக்கிறார். அது நல்ல பக்கம். கெட்ட பக்கத்தையும் எழுதினோம்: ‘ஆலை விலையை ஏற்றி, காலையில் வந்தவர்களுக்கும் கொடுக்க நினைத்தால் ஒவ்வொரு சீட்டாகத் திருத்த வேண்டும். ஆபரேட்டர் நம்மைத் திட்டுவார்.’ திட்டினார். நாங்கள் ஆச்சரியப்படவில்லை.

மாற்றும்போது

எழுதிய சீட்டின் உள்ளடக்கத்தைத் திருத்த மாட்டோம். எழுத்துப் பிழை வேண்டுமானால் திருத்தலாம். முடிவு மாறினால் புதிய எண்ணில் புதிய சீட்டு. பழையதில் நிலையை மட்டும் ‘சீட்டு இன்னதால் மாற்றப்பட்டது’ என்று மாற்றுவோம். அன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைக்கு எடுத்தது சரிதானா என்று பார்க்கப் பழையது அப்படியே இருந்தாக வேண்டும்.

போன சீசனுக்கு முன் ஆலையில் எடைமேடைக்குத் தானியங்கித் தடுப்புக் கம்பம் போட்டார்கள். டிரைவர் இறங்கி வந்து ஜன்னல் ஓரத்துக் கம்பத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் முன்பக்கத் தடுப்பு திறக்கும். வேறு எதற்காகவோ போட்டது. எங்களிடம் அப்போதுதான் சேர்ந்த ஒரு பெண், முதல் வாரம் சீட்டுகளையெல்லாம் படித்துக்கொண்டிருந்தாள். (புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நாங்கள் வேறு பயிற்சி எதுவும் தருவதில்லை.) மூன்றாம் நாள் வந்து கேட்டாள். “அண்ணா, சீட்டு 7ல டிரைவர் எறங்கினது வேற வழியில தெரிஞ்சா மறுபடி பாக்கணும்னு இருக்கே. அந்தப் பட்டன அமுக்கினா எறங்கிட்டார்னுதானே அர்த்தம்?”

நாங்கள் நாலு பேரும் அந்தக் கம்பத்தைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. சீட்டு 23 அவள் எழுதியது: பொத்தான் அழுத்திய பின் எடை நிலையாக நின்றால் உடனே பூட்டு, காத்திருப்பு இல்லை. அவளும் தள்ளியவை எழுதினாள், அதில் முதல் வரி ‘12 வினாடியை அப்படியே வைத்திருப்பது’. சீட்டு 7இன் காரணத்தை நாலே வரியில் சொல்லி, எது மாறியது என்றும் சொல்லியிருந்தாள். நான் கையெழுத்துப் போடும் வேலை மட்டும்தான் செய்தேன்.

பழைய முடிவுகள்

ஏற்கெனவே எடுத்துவிட்ட நூறு முடிவுகளுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் எழுதாதீர்கள். நாங்கள் ஒரு சனிக்கிழமை முயன்றோம், மதியத்துக்குள் எல்லாருக்கும் தலைவலி. யாராவது ‘இது ஏன்’ என்று முதல் முறை கேட்டால் வாயால் சொல்லுங்கள். அதே கேள்வியை இரண்டாவது ஆள் கேட்டால் எழுதிவிடுங்கள். யாரும் கேட்காதது இருந்துவிட்டுப் போகட்டும். பின்னால் எழுதியதில் ‘நினைவிலிருந்து எழுதியது’ என்று ஒரு வரி சேருங்கள், படிக்கிறவர் அதற்கேற்ப நம்பிக்கொள்வார்.

சில சமயம் எழுத உட்கார்ந்தால் காரணமே கிடைக்காது. எங்கள் பில்லில் ‘குறிப்பு 2’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. யாரும் அதில் எதுவும் எழுதுவதில்லை. எதற்கு வைத்தோம் என்று எனக்கும் நினைவில்லை, பழைய ஆபரேட்டருக்குப் போன் போட்டோம், அவருக்கும் தெரியவில்லை. அதற்கும் சீட்டு இருக்கிறது, எண் 19. முழுசாக இவ்வளவுதான்:

‘குறிப்பு 2’ பெட்டியை எடுக்காமல் வைத்திருப்போம். நிலை: ஏற்றது. சூழல்: காரணம் தெரியவில்லை. எடுத்துப் பார்த்தோம், இரண்டு ஆலைகளில் பில் அச்சாகவில்லை. திரும்ப வைத்தோம், அச்சாகிறது. தள்ளியவை: ஏன் என்று சீசன் நேரத்தில் ஆராய்வது. மறுபடி எப்போது: செப்டம்பரில், யாருக்காவது பொறுமை இருந்தால்.